பாட்டு வரும்போது எழுத்து எங்கே போகிறது?

தமிழ்ப் படத் தயாரிப்பாளர்களுக்கும், பாடல் உரிமை வைத்திருக்கும் இசை நிறுவனங்களுக்கும், எஃப்.எம்.எஸ். எனப்படும் வெளிநாட்டு வெளியீட்டு உரிமை வாங்கி அங்கே படம் ஓட்டுபவர்களுக்கும்,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலிருந்து எழுதுகிறேன். உங்கள் கணக்குப் புத்தகத்தில் மலேசியா, சிங்கப்பூர், வளைகுடா, அமெரிக்கா என்று தனித்தனியாக எழுதி முடித்த பிறகு 'இதர நாடுகள்' என்று ஒரு வரி இருக்குமே, அதில் இருப்பவர்கள் நாங்கள். டிக்கெட் விற்பது அவ்வளவுதான் என்பதால் அந்த இடத்தைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. என் புகார் வேறு.

உங்கள் படங்களில் யாராவது பேசினால் திரையின் கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடுகிறது. பாட்டு ஆரம்பித்ததும் பல படங்களில் அது நின்றுவிடுகிறது. நாயகன் மலையுச்சியில் நின்று நாலரை நிமிடம் மனதைக் கொட்டிப் பாடுவான். கீழே ஒன்றும் இருக்காது. பாட்டு முடிந்ததும் நண்பன் வந்து, "வாடா, சாப்பிடப் போகலாம்" என்பான். உடனே எழுத்து வந்துவிடும். அவர்கள் சாப்பிடப் போவது எங்களுக்குத் தெரிந்தாக வேண்டும், நாயகன் மனதில் என்ன இருந்தது என்பது தெரிய வேண்டியதில்லை என்று யாரோ எங்கேயோ உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள்.

சென்னையிலோ கோயம்புத்தூரிலோ பார்ப்பவருக்கு இது ஒரு விஷயமே இல்லை. இங்கே ஏன் பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பழைய கதை பேச வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னையிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று இந்தத் துறைமுகத்துக்கு வந்தது. 1911-இல் ஒப்பந்தக் கூலி முறை நிற்கும்வரை ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானவர்களைக் கரும்புத் தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் ரயில்பாதை வேலைக்கும் கொண்டுவந்தார்கள். பெரும்பகுதி பேர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள், தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். அவர்களுடைய பேரன் பேத்திகளுக்குப் பள்ளிப் பாடம் ஆங்கிலத்தில். அப்புறம் இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரிக்கும் சட்டம் 1950-இல் வந்தது. கூட்டுக் குடும்பமாக இருந்தவர்களைத் தெருத்தெருவாகக் கலைத்து, 1960-களில் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்தின் சின்னச் சின்ன வீடுகளில் கொண்டுபோய் வைத்தார்கள். ஆயா ஒரு வீட்டில், பேரப்பிள்ளை வேறு வீட்டில் என்று ஆனால் எந்த மொழிதான் வீட்டுக்குள் நிற்கும்?

பேச்சு போனாலும் பாட்டு போகவில்லை. கோயிலில் தேவாரத்தையும் திருப்புகழையும் ஆங்கில எழுத்தில் அச்சடித்த புத்தகத்தைப் பார்த்துத்தான் இங்கே பலர் பாடுகிறார்கள். அதற்கு அடுத்தபடி சினிமாப் பாட்டு. 1939-இல் திறந்த அவலான், பிறகு ஷா ஜெஹான் என்று டர்பனில் இந்தியப் படங்கள் ஓடிய பெரிய பயாஸ்கோப்புகள் இருந்தன. நிறவெறியைக் கண்டித்து இந்தியா 1946-இலேயே தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை நிறுத்திவிட்டது, அரசு உறவு 1993-இல்தான் திரும்ப வந்தது. நடுவில் இருந்த அத்தனை வருடங்களிலும் படப்பெட்டி எப்படியோ வந்து சேர்ந்துகொண்டுதான் இருந்தது. 1983-இல் லோட்டஸ் வானொலி தொடங்கியதும் பாட்டு சமையலறைக்கே வந்துவிட்டது.

இப்படித்தான் இங்கே ஒரு விசித்திரமான ரசிகர் கூட்டம் உருவானது. பல்லவி, சரணம், இடையில் வரும் வயலின் எல்லாம் மனப்பாடம். பொருள் மட்டும் தெரியாது. வார இறுதியில் கோயில் மண்டபத்தில் சில பிள்ளைகளுக்கு நான் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். 'ஜெயிலர்' படத்தின் 'ஹுக்கும்' பாட்டை மூச்சுவிடாமல் கடகடவென்று சொல்லும் பையன், தமிழில் தண்ணீர் கேட்கச் சொன்னால் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பான். அவனை நான் குறை சொல்லவில்லை. அவனுக்குத் தமிழ் வந்து சேரும் ஒரே வழி நீங்கள் அனுப்பும் பாட்டுதான். அந்த வழியில்தான் நீங்கள் விளக்கை அணைத்துவிடுகிறீர்கள்.

சில பாட்டுகளுக்கு எழுத்து தேவையே இல்லை என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். 2023-இல் 'காவாலா', 2025-இல் 'கனிமா', அப்புறம் 'மோனிகா'. இதெல்லாம் டர்பன் கல்யாண மண்டபங்களில் பிரியாணி வருவதற்கு முன்பே ஒலிக்க ஆரம்பித்துவிடும். ஆடுகிறவனுக்குப் பொருள் எதற்கு? இந்தத் தாளம் புரிய மொழிபெயர்ப்பாளர் வேண்டாம். இன்னும் சொன்னால், நாயகன் நடந்து வரும்போது வரும் பாட்டுகள் எனக்கு எழுத்தில்லாமலே புரிகின்றன: அவர் பெரியவர், எதிரிகள் சின்னவர்கள், அவர் வந்துவிட்டார். 'ஜெயிலர்', 'லியோ', 'கூலி' மூன்றிலும் இதைக் கேட்டாயிற்று. முதல் முறை விசிலடித்தேன். மூன்றாவது முறை பாப்கார்ன் வாங்கப் போனேன்.

ஆனால் 'மெய்யழகன்' வந்ததே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

2024 செப்டம்பர் கடைசியில் வந்த படம். தஞ்சாவூரில் பூர்வீக வீட்டை இழந்து சென்னைக்குப் போன ஒருவர், இருபது வருடங்களுக்கு மேல் கழித்து ஒரு கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். அங்கே ஒருவன் "அத்தான், அத்தான்" என்று உயிரை விடுகிறான். இவருக்கோ அவன் பெயர் நினைவில்லை. கேட்கவும் வெட்கம். படம் முழுக்க இவ்வளவுதான். அரவிந்த்சாமியின் அந்தச் சங்கடமான சிரிப்பைச் சென்னையில் நீங்கள் நல்ல நடிப்பு என்று பார்த்திருப்பீர்கள். எங்கள் ஊரில் அது பல பேருக்குச் சொந்த அனுபவம். இங்கே ஆவணக் காப்பகத்தில் கப்பல் பட்டியல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு கூலிக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், மாவட்டம், தாலுகா, ஊர். அதை எழுதி எடுத்துக்கொண்டு தமிழ்நாட்டுக்குப் போய், ஏதோ ஒரு கிராமத்தில் இறங்கி, யாரோ ஒரு பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு "நீ எங்க வீட்டுப் பிள்ளையா" என்று அழும்போது, அவர் என்ன உறவு, எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் சிரித்துக்கொண்டு நிற்பவர்கள் நாங்கள். இந்தப் படத்தை எங்களுக்காகவே எடுத்ததுபோல் இருந்தது என்று சொன்னால் மிகையில்லை.

அந்தப் படத்தில் கதையின் பாதியைப் பாட்டு சுமக்கிறது. கோவிந்த் வசந்தா இசையில் கமல்ஹாசன் குரல் வரும் இடத்தில் பாத்திரங்கள் வாய் திறப்பதே இல்லை. வீட்டை விட்டுப் போகிற வலியெல்லாம் அந்த வரிகளில்தான் இருக்கிறது. உமாதேவி எழுதிய வரிகளை விட்டுவிட்டு அந்தக் காட்சியைப் பார்த்தால் ஒரு பையன் இரவில் தெருவில் நடக்கிறான், அவ்வளவுதான். என் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்த தங்கை மகளுக்கு நான் காதில் மெல்லப் பொருள் சொல்லிக்கொண்டே இருந்தேன். பின்வரிசைக்காரர் இரண்டு முறை 'உஷ்' என்றார். அவர் கோபம் நியாயம்தான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் படம் நீளம் என்று சிலர் முணுமுணுத்ததும் வெளியான சில நாட்களிலேயே பதினெட்டு நிமிடத்தை வெட்டினீர்கள். ஏன்? உறவுக்காரன் வீட்டுக்குப் போனால் பேச்சு நீளத்தான் செய்யும். மூன்று மணி நேரம் துப்பாக்கி சுடும் படங்களுக்கு யாரும் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஓடுவதில்லை.

அதற்கு ஒரு வாரம் முன்னால் வந்தது 'லப்பர் பந்து'. இதை எங்கள் பக்கத்துத் திரையரங்கில் நான் பார்க்கவில்லை, பிறகு போனில்தான் பார்த்தேன். ரப்பர் பந்து கிரிக்கெட், மாமனார் மருமகன் வீம்பு, சாதி பார்த்து அணியில் இடம் தராத ஊர். டர்பனில் ஓட இதைவிடப் பொருத்தமான படம் எது? இது கிரிக்கெட் பைத்தியம் பிடித்த ஊர். இங்கே பிறந்த செனுரன் முத்துசாமி 2025 நவம்பரில் குவாஹாட்டி டெஸ்டில் இந்தியாவுக்கு எதிராகச் சதம் அடித்தபோது, அவருடைய நாகப்பட்டினத்து வேரைப் பற்றித் தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் எழுதின. நிறத்தைப் பார்த்து அணியில் இடம் கொடுத்த நாட்டில் வளர்ந்த எங்கள் அப்பாக்களுக்கு அந்தப் படத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. அப்படி ஒரு படத்தை இந்த ஊருக்குப் பெரிய அளவில் கொண்டுவர வேண்டும் என்று உங்களில் யாருக்கும் தோன்றவில்லையா?

அந்தப் படத்தில் 1989-இல் வந்த இளையராஜா பாட்டு ஒன்று, 'பொட்டு வச்ச தங்கக்குடம்', கெத்து என்ற பாத்திரம் மட்டையோடு இறங்கும்போதெல்லாம் வரும். அவன் விஜயகாந்த் ரசிகன், அது விஜயகாந்த் பாட்டு. காரணத்தோடு வருகிறது, அதனால் சிலிர்க்கிறது. பழைய பாட்டை இப்படிப் போட்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை. மற்றபடி, புதுப் பாட்டுக்குத் தெம்பு இல்லாத இடத்திலெல்லாம் பழசை ஒட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. 'குட் பேட் அக்லி' விஷயத்தில் இளையராஜா நீதிமன்றத்துக்கே போனார். சென்னை உயர் நீதிமன்றம் 2025 செப்டம்பரில் இடைக்காலத் தடை கொடுத்தது, படம் நெட்ஃபிளிக்ஸிலிருந்து இறங்கியது. யார் பக்கம் நியாயம் என்பது நீதிமன்றத்தின் வேலை. நான் கவனித்தது வேறு. இவ்வளவு நடந்த பிறகு இனிமேல் பாடல் ஒப்பந்தங்களை எல்லோரும் வரிவரியாகப் படித்துத்தான் கையெழுத்துப் போடுவீர்கள். போடும்போது, 'திரையில் இந்தப் பாடலின் பொருளை எழுத்தாகக் காட்டலாம்' என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்?

'தக் லைஃப்' பாட்டுச் சண்டையும் நினைவிருக்கும். 'முத்த மழை'யைத் தமிழில் பாடகி தீ பாடியிருந்தார், இசை வெளியீட்டு விழாவில் சின்மயி பாடினார், யார் பாடியது உசத்தி என்று உலகமே இரண்டு கட்சியானது. படத்தில் அந்தப் பாட்டே வரவில்லை என்பது தனி வேடிக்கை. எங்கள் வகுப்பிலும் கட்சி பிரிந்தது. ஒரு பெண் மட்டும், "இரண்டு பேரும் நல்லாத்தான் பாடறாங்க, என்ன பாடறாங்க?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். (நான் தீ கட்சி. அதை இங்கே விவாதிக்கப் போவதில்லை.)

2021-இல் தீயும் ராப் பாடகர் அறிவும் பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' இன்னும் சரியான உதாரணம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையை வைத்து அறிவு எழுதிய பாட்டு. தோட்டம் போட்டவருக்கு நிலம் இல்லை என்பது அதன் சாரம். கரும்பு வெட்டியவர்களின் கொள்ளுப்பேரன்கள் டர்பனில் அதற்கு ஆடினார்கள். தங்கள் குடும்பக் கதைக்குத்தான் ஆடுகிறோம் என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்தது?

சத்தத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. 2024 நவம்பரில் 'கங்குவா' வந்தபோது காது வலிக்கிறது என்று ரசிகர்களே புலம்ப, சத்தத்தை இரண்டு புள்ளி குறைத்து வையுங்கள் என்று தயாரிப்பாளரே திரையரங்குகளைக் கேட்டுக்கொண்டார். அதே வருடம் பி.எஸ். வினோத்ராஜ் பின்னணி இசையே இல்லாமல் 'கொட்டுக்காளி' எடுத்தார். ஆட்டோ சத்தம், சேவல், காற்று, அன்னா பென்னின் மௌனம். எல்லாரும் அப்படி எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எனக்கே மாதம் ஒன்று அப்படிப் பார்க்கப் பொறுமை கிடையாது. வசனம் கேட்கிற அளவுக்காவது இசையை அடக்கி வையுங்கள் என்கிறேன். பாதி எழுத்தைப் படித்தும் பாதி காதால் பிடித்தும் தமிழ் கற்றுக்கொள்பவர்களுக்கு, முரசுக்கு அடியில் புதைந்த வசனம் எந்த உதவியும் செய்யாது.

அடுத்து, எங்களை நீங்கள் திரையில் காட்டும் விதம். தமிழ்ப் படம் ஆப்பிரிக்கா வந்தால் பெரும்பாலும் கடத்தல் வேலையாகத்தான் வரும். 'அயன்' வைரத்துக்காகக் காங்கோ போனது. 'சிங்கம் 2'-இல் துரைசிங்கம் போதைமருந்துக்காரனைத் துரத்தித் தென்னாப்பிரிக்காவுக்கே வந்தார். வந்தவர் கொஞ்சம் நிதானித்திருந்தால் பிள்ளை, கோவெண்டர், மூட்லி, படையாச்சி என்று தமிழ்க் குடும்பப் பெயர்கள் எழுதிய கடைப் பலகைகளைப் பார்த்திருப்பார். மாரியம்மன் கோயிலில் ஈஸ்டர் சமயத்தில் கூடும் கூட்டத்தைப் பார்த்திருப்பார். கைது செய்கிற அவசரத்தில் அவருக்கு நேரமில்லை.

வெளியில் வாழும் தமிழரை மரியாதையாகக் காட்ட உங்களுக்குத் தெரியாது என்றில்லை. 2025 மே 1 அன்று வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி' அதைச் செய்தது. இலங்கையிலிருந்து படகேறி வந்த ஒரு குடும்பம், பேச்சு காட்டிக்கொடுத்துவிடுமோ என்று பயந்து பயந்து ஒரு காலனியில் குடியேறுகிறது. அந்தத் தமிழைக் கேலிக்கு வைக்காமல், சசிகுமாரையும் சிம்ரனையும் வைத்து, சிரிக்கவும் அழவும் வைத்துவிட்டார் புது இயக்குநர் அபிஷன் ஜீவிந்த். அதே நாளில் சூர்யாவின் 'ரெட்ரோ'வும் வந்தது. 'ரெட்ரோ' பற்றி இங்கே எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். மற்றதைப் பற்றி ஒருவர் சொல்லி ஒருவர் கேட்டுத்தான் போனோம். போனவர்கள் இரண்டாவது முறை வீட்டுப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

வெளியிடுபவர்களுக்கு இதில் ஒரு கணக்கு இருக்கிறது. முதல் நாள் முதல் காட்சியை வைத்து எங்களிடம் பிழைக்க முடியாது. தமிழ்நாட்டில் காலை ஒன்பது மணிக்குப் படம் தொடங்கும்போது இங்கே ஐந்தரை. நாங்கள் வேலை முடிந்து ஆறு மணிக் காட்சிக்கு வந்து உட்காரும்போது அங்கே இரவு ஒன்பதரை. கௌரவ வேடத்தில் யார் வருகிறார், இடைவேளையில் யார் சாகிறார் என்று எங்கள் போனுக்கு எல்லாம் வந்து சேர்ந்திருக்கும். திடீர்த் திருப்பத்தை நம்பி எடுத்த படம் டர்பனில் பாதி செத்தேதான் திரைக்கு வருகிறது. கதை தெரிந்தாலும் போய்ப் பார்க்கலாம் என்று இருக்கும் படங்கள்தான் இங்கே இரண்டாவது வாரம் தாங்கும். மூன்றே நாளில் திரையிலிருந்து எடுத்துவிட்டால் அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள மாட்டீர்கள்.

எழுத்து விஷயத்துக்குத் திரும்புகிறேன், மடல் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் வேலை இல்லை. யூடியூபில் லிரிக் வீடியோ போடும்போது அந்த வரிகளை ஆங்கில எழுத்தில் ஏற்கெனவே ஓட விடுகிறீர்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது. படத்தில் அதே வரியை மேலே வையுங்கள், கீழே ஆங்கிலத்தில் பொருள். எங்கள் பிள்ளைகள் மேல்வரியைப் பார்த்துப் பாடுவார்கள், கீழ்வரியைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். கோயில் புத்தகத்தில் அவர்களுக்கு ஏற்கெனவே பழக்கமான முறைதான். எதுகை மோனையை ஆங்கிலத்தில் கொண்டுவருகிறேன் என்று யாரும் கஷ்டப்பட வேண்டாம், நேரான பொருள் போதும். பாடலாசிரியரிடமே கேட்டு வாங்குங்கள். தான் எழுதியது இன்னொரு கண்டத்தில் புரிய வேண்டும் என்று விரும்பாத பாடலாசிரியர் இருக்க முடியாது. கடைசி நேரத்தில்தான் பாட்டு படத்தில் சேர்கிறது, சப்டைட்டில் செய்பவர் கைக்கு வரிகள் போவதில்லை என்றால், வரிகளை அவருக்கு அனுப்புவதற்கு ஓர் ஆளைப் பொறுப்பாக்குங்கள்.

எல்லாப் பாட்டுக்கும் ஒரே நாளில் முடியாது என்றால், கதையை நகர்த்தும் பாட்டுகளில் ஆரம்பியுங்கள். நாயகன் புகழ் பாடும் பாட்டை வேண்டுமானால் கடைசிக்குத் தள்ளுங்கள், அவர் பெரியவர் என்பது எங்களுக்குத் தெரியும்.

அடுத்த தீபாவளிப் படத்தில் செய்து பாருங்கள். தீபாவளி இங்கே அரசு விடுமுறை இல்லை, அதனால் மாலைக் காட்சிக்குத்தான் வருவோம். பாட்டுக்கும் எழுத்து உண்டு என்று விளம்பரத்தில் ஒரு வரி போட்டால் என் வகுப்புப் பிள்ளைகளையும் அவர்களைப் பெற்றவர்களையும் கூட்டி வருவது என் பொறுப்பு. திரையரங்கில் சத்தத்தை மட்டும் இரண்டு புள்ளி குறைத்து வைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
டர்பனிலிருந்து ஒரு ரசிகர்